மேற்படி கள்ளி மஞ்சளானது குறித்து

அறுபத்தாறாம் வருஷம் பம்பாயில் கௌரவமானவர்கள் எல்லோரும் கள்ளி வளர்த்தார்கள். ஊரில் ஆடுகூட ஏறிட்டுப் பார்க்காத செடி, இங்கே பீங்கான் தொட்டியில் ஏறி டிராயிங் ரூமில் உட்கார்ந்துகொண்டது. எங்கள் டைரக்டரின் மனைவிக்கு அதில் ஈடுபாடு. ஆகவே எங்கள் இலாகாவுக்கும் ஈடுபாடு ஏற்பட்டது. இலாகாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் அங்கேதான் உத்தியோகம், அதுவும் டெம்பரரி.

நாற்பத்திரண்டு செக்‌ஷனுக்கும் தலா ஒரு கள்ளி வழங்கப்பட்டது. எங்கள் கள்ளி, என் பக்கத்து நாற்காலி வேங்கடசுப்ரமணியனின் பொறுப்பில் விடப்பட்டது. மாதுங்காக்காரர், பதினோரு வருஷமாக டெம்பரரி. வீடு என்பது ஒரே அறை, ஏழு பேர். மனிதர் படுப்பது மாடிப்படி ஓரத்தில். பெர்மனென்ட் ஆகிவிட்டால் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அந்த ஃபைல் அப்போதுதான் மேலே போயிருந்தது. ‘பொறுப்பிலுள்ள சர்க்கார் சொத்துக்குச் சேதமில்லை’ என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் காரியம் முடிந்தது.

கள்ளியோடு ஒரு சர்க்குலரும் வந்தது. தினம் இரண்டு வேளை தண்ணீர். பியூன் ஊற்ற வேண்டும், குமாஸ்தா பார்க்க வேண்டும், குமாஸ்தா பார்த்ததை சூப்பரின்டெண்டென்ட் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூன்றாம் மாதம் கள்ளி மஞ்சளடித்தது.

சூப்பரின்டெண்டென்ட் சந்திரமௌலி, வேங்கடசுப்ரமணியனைக் கூப்பிட்டனுப்பினார். “ஓய், கள்ளி மஞ்சளாயிருக்கே, யார் உத்தரவுல?”

“என்னை ஒரு வார்த்தை கேக்கலை சார்.”

“அதை எழுதிக் கொடும்.”

எழுதிக் கொடுத்தார். நோயைக் கண்டறிய மூவர் கமிட்டி அமைந்தது. ஒருவர் ஸ்டேஷனரி. இன்னொருவர் மொழிபெயர்ப்பு. மூன்றாமவர் ரிடையராக ஒரு மாதமே இருந்ததால் சும்மா இருந்தவர். சுவருக்கு வர்ணமடிக்கிற கலர் கார்டை எடுத்துவந்து கள்ளியின் பக்கத்தில் பிடித்து, அரை மணி நேரம் பார்த்தார்கள்.

“இது மஞ்சள் இல்லை. வெளிர் பச்சையின் முதிர்ந்த நிலை” என்றார் மொழிபெயர்ப்பு.

வேங்கடசுப்ரமணியனுக்கு உயிர் வந்தது. “அப்போ சேதமில்லைன்னு எழுதிடலாமா சார்?”

“அடியில பழுப்பா இருக்கே. பழுப்பு கார்டிலேயே கிடையாதே!” என்றார் ஸ்டேஷனரி.

எங்கள் பியூன் நயினார் தாராவியிலிருந்து வருகிறவர், திருநெல்வேலிப் பக்கம். அவருக்குப் பொறுக்கவில்லை. “கள்ளிக்கு எவனாவது ரெண்டு வேள தண்ணி ஊத்துவானாய்யா? எங்க ஊருல மழ பேஞ்சாத்தான் அதுக்குத் தண்ணி. மண்ணத் தொட்டுப் பாருங்க, சொதசொதன்னு கெடக்கு. வேரு அழுகுதுல்லா!”

கமிட்டி மண்ணைத் தொடவில்லை. “நீ என்ன கிரேடு?” என்று கேட்டது.

“பியூனுங்க.”

“அப்போ உன் அபிப்பிராயத்தைக் குறிச்சுக்க இடமில்லை.”

கமிட்டியின் முடிவு: தண்ணீர் போதவில்லை. இனி நான்கு வேளை.

பத்தே நாளில் கள்ளியின் அடி கொழகொழத்தது. வேங்கடசுப்ரமணியன் டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

“சாமி, மூணு நாள் எங்கிட்ட விடுங்க” என்றார் நயினார். ஆனால் சர்க்கார் கள்ளி காரணமின்றி மேஜையில் இல்லாமல் இருக்க முடியுமா? கள்ளியின் பேரில் லீவ் எழுதச் சொன்னார் சந்திரமௌலி. எழுதினோம். அவருக்கே அடுத்த சந்தேகம் வந்தது.

“டெம்பரரிக்கு ஒரு ரூல், பெர்மனென்ட்டுக்கு ஒரு ரூல். இது எது?”

ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். பீரோ, நாற்காலிகளோடு கள்ளியும் நிரந்தர இருப்பில் ஏறியிருந்தது. வந்து நாலு மாதம், பெர்மனென்ட். வேங்கடசுப்ரமணியன் அந்த வரியை மூன்று முறை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கள்ளிக்கு மூன்று நாள் மெடிக்கல் லீவ், முழுச் சம்பள விகிதத்தில், சாங்ஷன் ஆயிற்று.

நயினார் ரிக்கார்ட் ரூமில் வைத்துச் செடியைப் பிடுங்கினார். அழுகின வேரை பிளேடால் அறுத்தார், சாம்பல் தடவினார், காற்றில் காயவிட்டார். மூன்றாம் நாள் காய்ந்த மணலும் செங்கல் பொடியும் போட்டு நட்டார். “இனி மண்ணு காஞ்சு பொடியா உதிருத வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தப்படாது” என்றார்.

ரிஜிஸ்டரில் மட்டும் நான்கு வேளைக் கையெழுத்து தவறாமல் விழுந்தது. கள்ளிக்கான தண்ணீரில் நயினார் டீ போட்டார். நானும் குடித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இரண்டு மாதத்தில் மஞ்சள் நின்று பச்சை திரும்பியது. உச்சியில் ஒரு சிவப்புப் பூவும் விட்டது. அடியில் பழுப்புத் தழும்பு மட்டும் மிச்சம். அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தோம்.

டைரக்டர் மனைவியோடு வந்து பார்த்தார். “என்ன ரகசியம்?”

சந்திரமௌலி ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார். அறுபது நாள், இருநூற்று நாற்பது தண்ணீர், ஒரு கையெழுத்துக்கூட விடுபடவில்லை. வேங்கடசுப்ரமணியன் வாயைத் திறந்தார். வாசலில் நின்ற நயினாரைப் பார்த்தார். டைரக்டரின் மேஜையில் தூங்கும் தன் ஃபைலையும் நினைத்திருப்பார்.

“தண்ணீர்தான் சார். வேளாவேளைக்குத் தண்ணீர்.”

மறுவாரமே பெர்மனென்ட் ஆனார். நாற்பத்திரண்டு செக்‌ஷனுக்கும் நான்கு வேளைத் தண்ணீர் உத்தரவு பறந்தது. மழைக்காலம் முடிவதற்குள் மற்ற நாற்பத்தொரு கள்ளியும் அழுகின. விசாரிக்க, அனுபவஸ்தர் என்ற முறையில் வேங்கடசுப்ரமணியனையே போட்டார்கள். பியூன்கள் சரியாக ஊற்றவில்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார்.

“சாமி, நீங்களே இப்பிடி எழுதலாமா?” என்று கேட்டார் நயினார்.

“ரிஜிஸ்டர்ல நாலு வேளை ஊத்தின நம்ம கள்ளி பிழைச்சுதுன்னுதானே இருக்கு நயினார்?” என்றார் அவர். பொய் இல்லை, அப்படித்தான் இருந்தது.

டைரக்டரின் மனைவி லேடீஸ் கிளப்பில் இந்த நான்கு வேளைத் தண்ணீரைப் பற்றிப் பேச, விஷயம் நான் குடியிருக்கும் மாதுங்காவுக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் கட்டிடத்தில் குழாய் வருவது விடியற்காலை ஒரு மணி நேரம். அதில் முதல் குடம் கள்ளிக்கு. என் மனைவி சுப்புலக்ஷ்மியும் ஜன்னலில் ஒன்று வைத்திருந்தாள். அது மஞ்சளடிக்கத் தொடங்கியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டாள். “அந்த மாமா சொன்னது தண்ணிதானே?”

“ஆமாம், ஆனா...”

“அவர் பெர்மனென்ட். நீங்க?”

குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருபது பேர், இருபதும் டெம்பரரி, கள்ளிக்குத் தண்ணீர் பிடிக்க நின்றுகொண்டிருந்தார்கள்.