கம்பத்துக்கு வந்த முட்டைப் பந்து

ஒரு விசிலை வைத்துக்கொண்டு உலகத்தையே திருத்திவிடலாம் என்று மனதார நம்பிய மனிதரை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அவரை விசில் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தம்மாள் புருஷன் பெயரைச் சொல்லுகிறவர் அல்ல.

யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய காலம். மேஸ்திரிக்கு மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கிருந்த துரைமார் பொழுது போகாமல் தொழிலாளிகளுக்கு ரக்பி ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். முட்டை மாதிரி இருக்கும் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். ஓடுகிறவனை எதிராளி கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். இவ்வளவுதான் ஆட்டம். நடுவராக இருக்கச் சொல்லித் துரை ஒரு விசிலைக் கொடுத்தார். மேஸ்திரி அன்றைக்கு நடுவரானவர்தான், அப்புறம் வேறு எதுவாகவும் இருக்கவில்லை.

மைத்துனன் கல்யாணத்தில், முதல் பந்தி எழுந்திருக்கும் முன்பே இலைக்குப் பின்னால் போய் நின்றவர்களை விசிலடித்து வெளியேற்றினார். அதில் அவருடைய மாமனாரும் அடக்கம். சின்னமனூரில் ஒரு நாள், முண்டியடித்து பஸ்ஸில் ஏறியவர்களைப் பார்த்து விசிலை ஊதினார். கண்டக்டர்தான் ஊதிவிட்டார் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். மேஸ்திரி உத்தமபாளையம் வரைக்கும் நடந்தே போனார். தப்பு டிரைவர் மேல்தான் என்று கடைசிவரை சாதித்தார்.

தோட்டத்தில் இருந்ததே இரண்டு அணிகள். அவையே மாற்றி மாற்றி மோதிக்கொண்டதில் துரைக்குச் சலித்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தப் போவதாகச் சொன்னார். மேஸ்திரி விடவில்லை. கீழே ஊர்களில் அணி சேர்த்து, டிக்கெட் போட்டு, ஆடுகிறவனுக்குக் கூலி கொடுத்து நடத்திக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். முடியாவிட்டால் பந்தையும் விசிலையும் திருப்பித் தந்துவிட வேண்டும். சின்னமனூர்க்காரர்கள், கம்பம் சேர்ந்தால் நாங்களும் சேருகிறோம் என்று நழுவினார்கள். ஆக, எல்லாம் கம்பத்தின் கையில் இருந்தது.

அப்போது நான் கம்பத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்குப்பிள்ளை. மேஸ்திரி என் முதலாளியிடம்தான் வந்தார்.

"ஓடுறதுக்குக் கூலியா? போலீஸ்காரன் வெரட்டுனா எங்க ஊர்ப் பயலுக சும்மாவே ஓடுவாய்ங்களே" என்றார் முதலாளி. ஆனாலும் அறுவடை முடிந்த வயலைக் கொடுத்தார். டிக்கெட் விற்கிற வேலை என் தலையில் விழுந்தது. பாதி ஊர் டிக்கெட் வாங்கியது, மீதி ஊர் புளியமரத்தில் ஏறியது.

எதிரணி, மலையிலிருந்து லாரியில் வந்த தோட்டத்து ஆட்கள். கம்பம் அணிக்குத் தலைவன் கொம்பன். சுற்றுவட்டாரத்தில் அவன் திமிலைப் பிடிக்காத காளை கிடையாது. ஆட்டம் தொடங்கியதும் பந்து அவன் கைக்கு வந்தது. அவன் நேராகத் தோட்டத்து ஆள் ஒருவனிடம் போய், தாம்பூலம் கொடுப்பது போல் பந்தை நீட்டினான். அவன் வாங்கிக்கொண்டு ஓடியதும் கொம்பன் பாய்ந்து அமுக்கினான். கூட்டத்திலிருந்து பரிசாகத் துண்டுகள் பறந்து வந்து விழுந்தன. அதைப் பார்த்த மற்றக் கம்பத்துக்காரர்களும் பந்து கிடைத்த மறுநிமிஷம் எதிராளியிடம் கொடுத்துவிட்டு அவன் மேலே விழுந்தார்கள். இரண்டு பக்கமும் ஒருவன்கூடக் கோட்டைத் தாண்டவில்லை.

மேஸ்திரி ஊதி ஊதிக் களைத்துப்போனார். "ஏலே, பந்தை எதுக்குடா அவங்கிட்ட குடுக்குற?"

"பந்து வச்சிருக்கவன்தானண்ணே மாடு" என்றான் கொம்பன். "அமுக்குறவன்தான வீரன். நான் மாடாகிட்டா ஊருக்குள்ள எம் மூஞ்சில முழிப்பாகளா?"

முதலாளி எழுந்து வந்தார். "இத்தனை துண்டு விழுந்திருக்கு. நம்ம ஊரு ஜெயிச்சதா ஒரு ஊது ஊதிவிடுங்க மேஸ்திரி. இன்னைக்கே அணியைச் சேத்துருவோம்."

ஒரே ஒரு ஊதல்தான், ஆட்டம் பிழைத்துவிடும். மேஸ்திரி விசிலை உதட்டில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"ஒருத்தனும் கோட்டைத் தாண்டலையே முதலாளி. எப்படி ஊதுவேன்?"

இத்தோடு முடிந்தது என்று நான் டிக்கெட் பெட்டியை மூடினேன். மேஸ்திரி பந்தை எடுத்துக்கொண்டு கொம்பனிடம் போனார்.

"பிடிபடாத மாட்டுக்கு உங்க ஊர்ல துண்டு கெடையாதாடா?"

"உண்டுண்ணே. பிடிபடலைன்னா துண்டு மாட்டுக்குத்தான்."

"அப்ப இந்த மாட்டைப் பிடி."

சொல்லிவிட்டு ஓடினார். ஐம்பதை எட்டிய உடம்பு, முன்னால் தொந்தி, பல்லிடுக்கில் விசில். மூச்சு விடும்போதெல்லாம் அது தானாகவே ஊதியது. இரண்டு பேரை உதறினார், மூன்றாவது ஆள் கையில் சட்டையை விட்டுவிட்டுப் போனார். புளியமரத்தில் இருந்தவர்கள்கூட இறங்கிவிட்டார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் கொம்பன் பாய்ந்து சாய்க்க, அவர் மேல் கம்பம் அணி முழுக்க விழுந்தது.

அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு நீண்ட விசில் வந்தது. எல்லோரும் எழுந்து விலகினார்கள். மேஸ்திரி மட்டும் பந்தை அணைத்தபடி கிடந்தார், உதட்டில் ரத்தம். கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்.

"தொட்டாச்சு, தொட்டாச்சு" என்று நான் கத்தினேன்.

"தொடலை தம்பி" என்றார் மேஸ்திரி. சாவகாசமாகச் சொன்னார்.

கொம்பன் தன் தோளில் சேர்ந்திருந்த துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக அவர் கழுத்தில் போட்டான். "அடுத்த ஆட்டத்துக்கு நான் மாடா இருக்கேண்ணே."

கம்பம் சேர்ந்தது. பின்னாலேயே சின்னமனூரும் சேர்ந்தது. யுத்தம் வந்து லாரிக்குப் பெட்ரோல் கிடைக்காமல் போகிற வரைக்கும் அறுவடைக்கு அறுவடை ஆட்டம் நடந்தது. கம்பம் பெரும்பாலும் தோற்றது. கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

இன்றைக்கும் பஸ்ஸில் ஏறும்போது நான் முண்டியடிப்பதில்லை. எங்கிருந்தாவது விசில் வந்துவிடும் என்று பயம். பயம் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்லுகிறேன். ஒரு தடவையாவது வராதா என்றுதான் நின்றுகொண்டிருக்கிறேன்.