ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் உன் அக்கா செய்த காரியம்

மரியே வாழ்க.

அன்பு மச்சான் ஃபிரடிக்கு, மாமா சூசைராஜ் எழுதிக்கொள்வது. வல்லத்தில் நானும் உன் அக்கா செல்வமேரியும் ஆண்டவர் தயவில் சுகம், என் இரண்டு முட்டிகள் நீங்கலாக. திருச்சியில் உன் குடும்பத்தார் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம். "ரிட்டயர் ஆன வயசுல ஊர்சேவைன்னு அக்காவை ஏன் இழுத்துக்கிட்டு சுத்துறீங்க" என்று கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். போனில் விளக்கினால் நடுவில் பேசுவாய். ஆகையால் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் ஹாலில் பெரியவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி நடந்தது. அடங்கிப்போன நெஞ்சை அமுக்கி மூச்சை மீட்கிற வித்தை. சொல்லித் தந்தது சுகப்பிரியா என்கிற நர்ஸ். பழகுவதற்கு ஒரு ரப்பர் பொம்மை. அதை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவரும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். வெயிலுக்கு அதன் முகத்தில் துண்டைப் போட்டது என் தப்பு. பக்கத்து சீட்டுப் பெண் பாதி வழியில் இறங்கி ஓடிவிட்டாள். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, "யாருய்யா இது?" என்றார். பதற்றத்தில், "பயப்படாதீங்க சார், இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், துண்டை விலக்கிப் பொம்மைதான் என்று பார்த்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தால், உன் அக்கா, "வேத்து ஆம்பள நெஞ்சுல கை வைக்க மாட்டேன்" என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சுகப்பிரியா சிரிக்காமல் பொம்மைக்கு ஒரு முக்காடு போட்டு, "இது ரோஸி, ஆன்ட்டி" என்ற பிறகுதான் தொட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். ஒரகடத்தில் பஸ்சுக்கு நிக்கிறோம். மழைத் தூத்தல். ஷிப்ட் விட்டு பசங்க கூட்டமா வந்துகினு இருந்தாங்க. டீக்கடை போர்டு கம்பியைப் பிடிச்ச ஒரு பையன் கரண்டு தூக்கியடிச்சு ரோட்டுல விழுந்தான். இசக்கிதுரைன்னு பேரு, திருநெல்வேலிப் பக்கம். கூட இருந்த உச்சிமாகாளி, "மச்சான், எந்திலே" னு உலுக்கறான். மூச்சே இல்ல. வலிப்புன்னு நினைச்சு ஒருத்தன் சாவியைக் கையில திணிக்கிறான், ஒருத்தன் வீடியோ எடுக்கிறான். நானும் கையில மொய் கவரோட மரம் மாதிரி நின்னேன்.

உன் அக்கா கடைக்காரரைப் பாத்து, "மெயினை ஆஃப் பண்ணு. யாராச்சும் நூத்தியெட்டுக்கு அடிங்க" ன்னா. அடுத்த நிமிஷம் பட்டுப்புடவையோட சேத்துல மண்டி போட்டுட்டா. ரோஸியுமில்ல, முக்காடுமில்ல. ரெண்டு கையையும் கோத்து அவன் நெஞ்சுல வச்சு அமுக்கறா. "இன்னா பாக்கறீங்க, எண்ணுங்க" ன்னா. எண்ணினேன். அவளுக்குக் கை ஓய்ஞ்சதும் நான் இறங்கினேன்.

ஃபிரடி, அந்த உணர்ச்சியை எப்படி எழுதறதுன்னு தெரியல. நாம அமுக்கறோம், விடறோம். அந்த நெஞ்சு மேல வருது. அவன் இல்லாத நேரத்துல அவன் ரத்தத்தை நம்ம கை ஓட்டுது. பூசையில நற்கருணை உசத்தும்போது தலையைக் குனிவோமே, அப்படிக் குனிஞ்சு அமுக்கினேன். ஆம்புலன்ஸ் வந்து, நெஞ்சுல ஷாக் மெஷினை வச்சு ஒரு தடவை தூக்கிப்போட்டதும், அவன் இருமினான். லாரிக்காரங்ககூட ஹாரன் அடிக்கல. எனக்குத்தான் முட்டி நிமிரல. அவங்க என்னையும் ஸ்ட்ரெச்சர்ல ஏத்தப் பாத்தாங்க.

ஆஸ்பத்திரியில விட்டதும் நேத்து அவனே எங்க வூட்டுக்கு வந்தான். "ஆச்சி, நீங்க அமுக்கினதுல விலா எலும்பு ரெண்டு முறிஞ்சிட்டாம்."

"வலிக்குதா கண்ணு?"

"மூச்சு விட்டாத்தான் வலிக்கி."

"உடறியே. அது போதும்" னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. வெகுநேரம் வெளிய வரல. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு, இவ யாருன்னு எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது.

ஆனாலும் உன் பேச்சு நியாயம்தான். எங்களுக்கும் வயசாகிறது. இத்துடன் சேவையெல்லாம் நிறுத்திவிட்டு, உன் விருப்பப்படியே மாதக் கடைசியில் திருச்சி வந்து ஓய்வாக இருப்போம். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். அன்னை உங்கள் எல்லாரையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
மாமா சூசைராஜ்

பி.கு.: கவரை ஒட்டும்போது உன் அக்கா வந்து சொல்கிறாள்: வெள்ளத்தில் மாட்டியவர்களை மீட்க ஏரியில் நீச்சல் பயிற்சியாம், சனிக்கிழமை தொடக்கமாம், எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாளாம். திருச்சி வர இயலாது. ஓர் ஆள் குறைகிறது என்று உன் பெயரையும் சேர்த்திருக்கிறாள். அரைக்கால் சட்டை இரண்டு எடுத்துக்கொண்டு வரவும்.