எக்ஸ்ரேயும் என் ஒப்புதல் படிவமும்

கெடிலத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில், பிறரை எரிச்சல்படுத்தும் ஆற்றலில் எக்ஸ்ரேயை மிஞ்சிய மனிதர் இதுவரை தோன்றியதில்லை, இனித் தோன்றப்போவதுமில்லை. சிதம்பரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து, ஒருவர் வாயாலும் ஒரு சொல் கேட்காமல் ஓய்வு பெற்றவன் நான். அத்தகைய என்னைத் தமது தொடர்கதையில் ஒரு கொலைகார டாக்டருக்கு எடுபிடியாக்கி, அதை அச்சிலும் ஏற்றி, அந்த இதழைக் கீழ வீதியில் உள்ள என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, என் மனைவியின் கையால் காப்பியும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர் அவர். போகும்போது சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி என்று வேறு சொன்னார்.

கடலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. பணி ஓய்ந்தும் அவருடைய பழக்கம் ஓயவில்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் படிப்பார். கல்யாணப் பத்திரிகை, மின்சாரக் கட்டண அட்டை, வெற்றிலை எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. ஒருமுறை என் வீட்டு அப்பளத்தைப் பார்த்துவிட்டு, இடது பக்கம் ஒரு நிழல் தெரிவதாகச் சொன்னார்.

அதைவிடக் கொடுமை, அவர் பிறர் பேச்சை நிறுத்தும் முறை. யாராவது நீட்டிப் பேசினால் கையை உயர்த்தி, “மூச்ச இழுங்க. அப்டியே புடிங்க” என்பார். நாற்பதாண்டுக் காலம் ஊரையே அந்தச் சொல்லுக்குப் பழக்கி வைத்திருந்தார் போலும். வக்கீல்கள்கூட அனிச்சையாக மார்பை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். தாம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, “விடலாம்” என்பார்.

இந்த மனிதர் கதை எழுதினார். அவருடைய திருச்சபையின் மாத இதழில் கிறிஸ்தவ மருத்துவ மர்மத் தொடர்கள். கதாநாயகர் எப்போதும் ஒருவரே: டாக்டர் தானியேல். கத்தியை எடுக்கும் முன் ஆபரேஷன் அறையில் முழங்காலிட்டு ஜெபிப்பார். அவர் ஜெபித்து முடிப்பதற்குள் அத்தியாயக் கடைசியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். வில்லனும் டாக்டர்தான்: ஏழைகளின் உடம்பில் புது மருந்தைச் செலுத்திப் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்து சிரிப்பவர். மூன்றாம் அத்தியாயத்தில் இறந்த நோயாளி ஐந்தாம் அத்தியாயத்தில் எழுந்து சாட்சி சொல்வார். அறிவியல் பயின்ற எவரும் இதைப் பொறுக்க முடியாது. ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பேருந்தில் அந்த இதழுக்காகப் பெண்கள் சண்டையிட்டதை நானே பார்த்தேன்.

சுனாமி வந்துபோன மறு ஆண்டில்தான் எங்கள் தொடர்பு தொடங்கியது. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். சர்க்கரை நோய்க்கான ஒரு புதிய மருந்தை அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்க ஏற்பாடாயிற்று. இத்தகைய ஆய்வு நடத்துவோர், நெறிமுறைக் குழு ஒன்றை அமைத்து அதன் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர்கள், வக்கீல் ஆகியோரோடு பொதுமக்கள் சார்பில் ஒருவரும் சமயம் அறிந்த ஒருவரும் இடம்பெற வேண்டும். பொதுமக்கள் சார்பில் என்னை அழைத்தார்கள். அழைப்பின் தகுதி அறிந்து ஏற்றேன். சமயத்தின் சார்பில் அழைக்கப்பட்ட பாதிரியார் தமக்கு நேரமில்லையென்று, தம் சபையின் ஞாயிறு பள்ளி மேற்பார்வையாளரை அனுப்பி வைத்தார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர் எக்ஸ்ரே.

குழுவில் என் பங்கு சிறிதன்று. ஆய்வில் சேரும் நோயாளி கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பதினொரு நாள் உழைத்தேன். எளியவர்தானே என்று ஏனோதானோ என எழுதுவது என் இயல்பன்று. ‘அறிவியல் வேள்விக்குத் தம் மேனியை உவந்தளிக்க முன்வந்துள்ள பெருந்தகையீர்’ என்று தொடங்கினேன். ‘எக்கணமும் இவ்வாய்வினின்று விலகும் உரிமை தங்கட்கு உண்டு’ என்றும், ‘தாங்கள் பெறுவது மெய்ம்மருந்தோ வெறுமருந்தோ என்பது தங்கட்கும் மருத்துவர்க்கும் மறைபொருளாக வைக்கப்பெறும்’ என்றும் ஒரு செய்தியும் விடுபடாமல் எழுதி முடித்தேன். மெய்ப்பை மூன்று முறை திருத்தினேன். தமிழாக்கம் என்று அடியில் என் பெயரும் பட்டமும் இடம்பெற்றன. குழுத் தலைவரான மூத்த மருத்துவர் எழுந்து நின்று கைதட்டினார். எக்ஸ்ரே மட்டும் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எலும்பு நல்லா தெரியுது சார். சதையத்தான் காணோம்” என்றார்.

நான்கு மாதம் கழித்துத்தான் அந்த மனிதர் கூட்டத்தில் ஏன் எப்போதும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்பது விளங்கியது. புதிய தொடர் வெளிவந்தது. அதில் பேராசிரியர் பொன்னுரங்கம் என்றொருவர்: வெள்ளிச் சட்டமிட்ட கண்ணாடி, மடித்த குடை, என்னுடையதைப் போன்றே விசிறிமடிப்பு அங்கவஸ்திரம். ஒவ்வொரு கூட்டத்திலும் போண்டா தின்று, கையைக் கழுவி, துடைத்து, வில்லன் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்திடுவார். எண்ணெய்க் கையோடு ஆவணத்தைத் தொடக் கூடாது என்பதற்காகக் கை கழுவுகிறவன் நான். இதில் இழிவு என்ன என்று புரியாமல், கிறிஸ்தவரான என் பழைய மாணவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் தரையைப் பார்த்தபடியே, “எங்க வேதத்துல ஒரு அதிகாரி இயேசுவக் கொல்ல விட்டுட்டு இப்டித்தான் தண்ணி எடுத்துக் கையக் கழுவுவான் சார். அவன் நல்லவன் இல்ல சார்” என்றார்.

அடுத்த பேருந்திலேயே கடலூர் சென்றேன். எக்ஸ்ரே தம் வீட்டு வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார். நான் ஒரு தாளையும் படிக்காமல் ஒப்பமிட்டதில்லை என்று கூறி, மன்னிப்புக் கேட்கும்படி சொன்னேன்.

“நீங்க படிச்சீங்க சார். கையெழுத்துப் போட்டவன் படிச்சானா?”

“எழுத்தறிந்த எவருக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன்.”

“அப்டீங்களா. அண்ணாகிராமம் பக்கத்துல ஒருத்தரு இருக்காரு, வீராசாமின்னு. முந்திரி போட்டிருக்காரு. அந்த மருந்துல சேந்தவரு. வாங்க, போயிப் பாப்போம். எங்க ஞாயிறு பள்ளியில பசங்க வசனம் படிச்சேன்னு சொன்னா நம்ப மாட்டேன். ஒப்பிக்கச் சொல்லுவேன். அவரும் ஒப்பிக்கட்டும்.”

என் நற்பெயரை நிலைநாட்டிக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை என்று கருதிப் புறப்பட்டேன்.

வீராசாமி ஐம்பது வயதைக் கடந்தவர். பத்தாம் வகுப்புவரை படித்தவர். எங்களுக்குப் பலாச்சுளை கொடுத்தார். முன்னறையின் சுவரில் அவருடைய திருமணப் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவே, பூவேலைச் சட்டம் போட்டு, கண்ணாடிக்குள் ஒன்று மாட்டியிருந்தது. மேலே ஜரிகை மாலை. அருகில் சென்று பார்த்தேன். என் ஒப்புதல் படிவம்.

“ஐயா எழுதுனதா இது?” என்று வீராசாமி என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். “எங்க வம்சத்துல யாருக்கும் இந்த மாதிரி எழுதிக் குடுத்ததில்லைங்க. பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபத்துல வாழ்த்து மடல் படிச்சாங்க. அதுகூட இவ்ளோ நல்லா இல்ல.”

“இன்னா எழுதியிருக்கு, ஒப்பிங்க பாப்போம்” என்றார் எக்ஸ்ரே.

வீராசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பெருந்தகையீர்னு போட்டிருக்கு. வேள்வின்னு போட்டிருக்கு. நல்லா இருக்கணும்னு வாழ்த்தியிருக்காங்க.”

நான் அறுபது பேருடைய பணி ஓய்வுக்கு வாழ்த்து மடல் எழுதியவன். அந்தக் கணத்தில்தான் சுவரிலிருந்ததைப் பிறர் கண்ணால் பார்த்தேன்.

அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார்: “பழைய மாத்திரைய நிறுத்தி மூணு மாசம் ஆவுது சார். கால்ல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில போயிச் சொல்லுங்கன்னா சொல்ல மாட்டேங்குறாரு. இவ்ளோ மரியாதையா எழுதிக் குடுத்திருக்காங்க, அவுங்ககிட்ட போயி கொற சொல்றதாங்குறாரு.”

எக்ஸ்ரே கீழே உட்கார்ந்து வீராசாமியின் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருக்கலாம். அன்றே வீராசாமியைத் தம் பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, பழைய மாத்திரையைத் தொடங்க வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

அடுத்த கூட்டம் கூடியது. ஆய்வை நிறுத்த வேண்டும், சேர்ந்த ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்லி, புதிதாகக் கேட்க வேண்டும் என்று எக்ஸ்ரே எழுந்தார். இது மர்மக்கதை அல்ல என்று தலைவர் சிரித்தார். பிறகு படிவத்தை எடுத்துக் காட்டி, இது முப்பத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியர் எழுதியது, இதில் குறையிருந்தால் அவரே சொல்லட்டும் என்றார். இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அளவில்லாக் கோபம் வந்தது. என் பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒரு கூட்டம் ஒளிந்துகொள்வதா? அதே சமயம், நான் எழுதியது ஒருவருக்கும் விளங்கவில்லை என்பதை அந்தச் சபையில் என் வாயால் சொல்லும் பழக்கமும் எனக்கில்லை.

எழுந்தேன். “இந்தப் படிவத்தில் அச்சுப்பிழைகள் மலிந்துள்ளன. பிழை மலிந்த ஒன்றின் கீழ் என் பெயர் நிற்க ஒருபோதும் உடன்படேன். அனைத்துப் படிவங்களையும் திரும்பப் பெற்று, புதிய படிவம் தரும்வரை ஆய்வை நிறுத்துங்கள்” என்றேன்.

அந்தப் படிவத்தில் ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை என்பதை அறிந்தவர் இந்த உலகில் இருவர். மற்றொருவர் அதை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார்.

“ஆமா சார். எக்கச்சக்கமா இருக்குது” என்றார்.

தலைவர் வாயைத் திறந்தார். “மூச்ச இழுங்க” என்றார் எக்ஸ்ரே. அவர் இழுத்தார். தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

புதிய படிவத்தை எக்ஸ்ரே எழுதினார். அதைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் உணவு இறங்கவில்லை. ‘இது மருந்தாகவும் இருக்கலாம், சும்மா மாத்திரையாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் போய்விடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் வந்து சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.’ இலக்கணமில்லை; நயமில்லை. அத்துடன் நில்லாமல், ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளையைப் போல ஒப்பிக்கச் சொன்னார். புவனகிரியிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, “இதுக்காய்யா நான் பஸ் ஏறி வந்தேன்?” என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்களும் பலர் விலகினார்கள். ஆய்வு நடத்தியவர்கள் கடலூரின் தட்பவெப்பம் தங்களுக்கு ஒத்துவரவில்லை என்று வேறு ஊர் பார்த்துப் போனார்கள். வீராசாமியின் கால் ஆறியது. சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றும்படி அவருக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். கழற்றவில்லை.

தொடரின் இறுதியில் பேராசிரியர் பொன்னுரங்கம் மனம் திருந்தி, டாக்டர் தானியேலின் பக்கத்தில் முழங்காலிட்டார். இதற்கும் கண்டனம் தெரிவித்தேன். எனக்கு மூட்டுவலி.

சில ஆண்டுகள் சென்றன. என் வலக்கண்ணில் புரை வளர்ந்து, கடலூரில் அறுவைக்குச் சேர்ந்தேன். சொல்லியனுப்பாமலே எக்ஸ்ரே வந்து கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான் பேனாவைத் திறந்ததும் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஒப்பிங்க சார்.”

செவிலியர்களும் பிற நோயாளிகளும் பார்த்திருக்க, ஒரு முதுநிலைப் பட்டதாரியை, அறுபத்தாறு வயதினனை, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப் போல நிறுத்தினார் அந்த மனிதர். கோபத்தில் என் குரல் நடுங்கியது. கோபம் மட்டுந்தானா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எந்தக் கண், என்ன மயக்கமருந்து, என்ன ஆபத்து, வேண்டாமென்றால் என்ன என்று முழுவதும் ஒப்பித்தேன். இரண்டு இடத்தில் தவறினேன். திருத்தினார். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்து, “மூச்சப் புடிச்சிக்கிட்டே இருக்கீங்க. விடலாம் சார்” என்றார்.

தானே புயல் வீராசாமியின் முந்திரி மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன சில மாதங்களில் எக்ஸ்ரேயும் போய்விட்டார். அவ்வாண்டே என் இடக்கண்ணுக்கும் அறுவை நடந்தது. அதே மருத்துவமனை. படிவத்தை நீட்டி, கையெழுத்திட வேண்டிய இடத்தைச் செவிலியர் விரலால் காட்டினார். ஒருவரும் எதையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிறகு வாய்விட்டு முழுவதையும் ஒப்பித்தேன். இம்முறை ஓரிடத்திலும் தவறவில்லை. கையெழுத்திட்டு முடித்தும் மூச்சைப் பிடித்தபடியே இருந்தேன். விடலாம் என்று சொல்ல ஆளில்லை.