றோட்டில் ஓடிய இறைப்பு மிசின்

இரணைமடுக் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். இதில் ஒரு சொல் பொய் இல்லை. பொய்யென்றால் வாற மாரிக்கு என்னுடைய வயலில் மட்டும் மழை பெய்யாமல் போகட்டும். எனக்கு வயல் இல்லை என்பது வேறு கதை.

தர்மபுரத்தில் பழனியாண்டி ஒரு சின்னக் கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். என்ன கார் என்று கேட்காதேயுங்கோ, பெயரைச் சொன்னால் கொம்பனிக்காரன் கோவிப்பான். எண்ணெய் குடிப்பதென்றால் குருவி குடிப்பது மாதிரிக் குடிக்கும். இங்கிலாந்தில் நாலு பேருக்கென்று செய்தது. அந்தச் சங்கதி தர்மபுரத்துக்கு வந்து சேரவில்லை. பதினொரு பேர் ஏறினார்கள்.

பழனியாண்டி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர். வந்த அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார். இனி எவனுடைய நிரையிலும் குனிந்து நிற்பதில்லை. நிரை என்றால் தோட்டத்தில் கங்காணி ஆளுக்கு ஆள் பிரித்துக் காட்டிவிடுகிற வரிசை. கார் ஓடியவரைக்கும் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒருநாள் பரந்தன் சந்தியில், பதினொரு பேர் சாட்சியாக, அதன் எஞ்சின் உயிரை விட்டது.

“இனி என்ன செய்யப் போற?” என்று கேட்டா பெண்சாதி தங்கம்மா.

“வேற எஞ்சின் போடணும்.”

“போடாட்டி?”

“போடாட்டி முத்துலிங்கத்தாரோட மிளகாத் தோட்டத்துல குனிஞ்சு தண்ணி கட்டணும்.”

“அப்ப எஞ்சினத் தேடு.”

தேடப் போன இடம் மாங்குளத்தில் நஜீம் நானாவின் கராச். பாலை மரத்துக்குக் கீழே மூன்று எஞ்சின்கள் கிடந்தன. ஒன்று யப்பான் வான் வண்டியில் கழற்றியது. ஒன்று உழவு மிசினில் கழற்றியது. மற்றது கிணற்றடியில் மண்ணெண்ணெயில் ஓடித் தண்ணீர் இறைக்கிற இறைப்பு மிசின்.

ஊரிலே எல்லோரும் யப்பானையே எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது, மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் பெடியனுடைய படிப்பை விசாரிக்க முதல் அவனுடைய மணிக்கூடு யப்பானோ என்று விசாரித்த காலம்.

“நானா, எதைங்க எடுக்கிறது?”

“அதை என்னட்டைக் கேக்காதீங்க,” என்றார் நஜீம். “கந்தோரிலை போய்க் கேளுங்க. புதுச் சுற்றுநிருபம் ஒண்டு வந்திருக்கு. எஞ்சினை மாத்தினா என்னென்னமோ மாறுதாம்.”

கிளிநொச்சியில் அப்போது இயங்குபொருள் வகைப்படுத்தற் கந்தோர் என்று ஒரு அரசாங்க அலுவலகம் இருந்தது. அதன் அத்தியட்சகர் ராஜரத்தினம், கதிரையில் துவாய் விரித்து அதன்மேல் இருக்கிறவர். சுற்றுநிருபத்தைத் தேவாரம் படிக்கிற மாதிரி எழுந்து நின்று வாசித்தார்.

“‘இயந்திரமானது வாகனத்தின் ஆன்மாவாகும். உடலைக் கொண்டன்றி ஆன்மாவைக் கொண்டே ஒரு பொருள் இன்னதெனத் தீர்மானிக்கப்படும்.’ விளங்குதோ?”

“கோயில்ல சொல்ற மாதிரி இருக்குங்க, ஐயா.”

“வான் எஞ்சினைப் போட்டீரெண்டால் அது வான். வானுக்கு ஒன்பது சீற் வேணும். பின்னாலை ஒரு ஏணி வேணும்.”

“காருக்கு ஏணி எதுக்குங்க?”

“எந்தக் காருக்கு? இப்ப கார் எங்கை இருக்கு? வானைப் பற்றியல்லோ கதைக்கிறம்.”

பழனியாண்டி கொஞ்சம் யோசித்தார். “சரிங்க, உழவு மிசின் எஞ்சின் போட்டா?”

“வருசத்துக்குப் பத்து ஏக்கர் உழுதுபோட்டு, உழுததுக்கு அத்தாட்சித் துண்டு கொண்டு வரவேணும்.”

“இறைப்பு மிசின் போட்டா?”

ராஜரத்தினம் தாளைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “இறைப்பு மிசின் வாகனம் அல்ல. ஆகையால் லைசன்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, தகுதிப் பத்திரம் இல்லை.”

“றோட்டுல ஓடலாங்களா?”

“ஓடக்கூடாதெண்டு எழுதேல்லை. கிணத்தடியிலை கிடக்கிற சாமான் ஓடுமெண்டு எழுதினவருக்குத் தெரியாது.”

“ஆளுங்க ஏறலாங்களா?”

“ஆக்கள் ஏற ஏலாது. இறைப்பு உதவியாளர் எத்தினை பேரும் ஏறலாம். ஆனால் ஒவ்வொருத்தரின்ரை கையிலும் ஒரு மண்வெட்டி இருக்கவேணும். பேரையும் விலாசத்தையும் இடாப்பிலை பதியவேணும். மாதம் முடிய இடாப்பின்ரை பிரதி இஞ்சை வரவேணும்.”

இப்படியாகத்தான் உலகத்திலேயே முதலாவது தடவையாக, எஞ்சினை ஒருதரம் ஓட்டியும் பாராமல் சத்தத்தைக் காதாலும் கேளாமல் ஒரு காருக்கு எஞ்சின் தெரிவு செய்யப்பட்டது.

நஜீம் நானா இறைப்பு மிசினைக் குழாய் வாயோடு அப்படியே தூக்கிக் காருக்குள் இறக்கிப் பூட்டினார். கூரைக்கு மேலே இருபத்தைந்து அடி றப்பர் குழாய் சுற்றிக் கட்டப்பட்டது. கார் டுக்கு டுக்கு என்று புறப்பட்டது. சைக்கிளில் போனவர்கள் பக்கத்தில் வந்து, நாட்டு நடப்பெல்லாம் கதைத்து முடித்துவிட்டு, சரி நாங்கள் முன்னுக்குப் போறம் என்று விடைபெற்றுக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வடிவம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. மடியில் மண்வெட்டியைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் பொலிஸ்காரர் மறித்தார்.

“எங்கை போறியள்?”

“இறைக்கப் போறோங்க,” என்றார் பழனியாண்டி.

“எங்கை இறைக்க?”

“ஆசுப்பத்திரியில,” என்றா தங்கம்மா. “சுணக்கினா இங்கனயே இறைச்சிருவா.”

பொலிஸ்காரர் மண்வெட்டிகளை எண்ணினார். ஆட்களை எண்ணினார். கணக்குச் சரி. போகவிட்டார். மூன்றாம் நாள் வீடு திரும்பும்போது பிள்ளைக்கும் ஒரு மண்வெட்டி தேவைப்பட்டது. சட்டத்தை மதிக்கிற ஊர் அது. தேக்கரண்டியின் கழுத்தை வளைத்து ஒன்று செய்து கொடுத்தார்கள்.

பிறகு இது பெரிய நாகரிகமாகிவிட்டது. மண்வெட்டி கையில் இருக்கிறவர் காரில் வந்தவர் என்று அர்த்தம். ஆகையால் பஸ்ஸில் வந்தவர்களும் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். தவராசா வாத்தியார் பிடிக்கு வார்னிஷ் பூசினார். நஜீம் நானா எஞ்சின் வியாபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு யப்பான் மண்வெட்டி இறக்கினார். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் மணிக்கூட்டை மறந்தார்கள். ராஜரத்தினமே பரந்தனிலிருந்து தினமும் அந்தக் காரில்தான் கந்தோருக்கு வந்தார். வெள்ளைக் காற்சட்டை, இடது கையில் பைல், வலது கையில் மண்வெட்டி. சட்டத்துக்கு முழுவதும் அமைந்த வாகனம் வன்னியில் அது ஒன்றுதான் என்பது அவருடைய அபிப்பிராயம். வாகனமல்லாத வாகனம் என்று உடனே திருத்திக்கொள்வார்.

இடாப்பின் பிரதிகள் ஒழுங்காகக் கொழும்புக்குப் போயின. அங்கே யாரோ ஒரு கிளாக்கர் கூட்டிப் பார்த்தார். ஒரேயொரு இறைப்பு மிசின். மூன்று மாதம். மண்வெட்டியோடு உதவியாளர் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு பேர். கொழும்பு பூரித்துப்போய்ப் பாராட்டுத் தந்தி அடித்தது. அடுத்த நாள் இன்னொரு தந்தி வந்தது. “இறைத்த நிலம் எவ்வளவு?”

ஒரு குழிகூட இல்லை. கந்தோர் அந்தத் தந்தியைப் பைலில் போட்டுக் கட்டி வைத்தது. மூன்றாவது தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி ஒருவர் வருவார். அவருக்கு முன்னால், இடாப்பில் உள்ள உதவியாளர்களைக் கொண்டு, அந்த மிசினால் ஒரு தோட்டம் இறைத்துக் காட்டப்படல் வேண்டும். தவறினால் மிசின் பறிமுதல் செய்யப்பட்டு, தண்ணீரில்லாமல் வாடுகின்ற கமக்காரர் ஒருவருக்குக் கையளிக்கப்படும். அப்போது அந்தப் பகுதியில் முறைப்படி மனுப்போட்டு வாடிக்கொண்டிருந்தவர் முத்துலிங்கத்தார். அவருடைய மிளகாய்த் தோட்டமே குறிக்கப்பட்டது.

பழனியாண்டி கந்தோர் வாசலில் போய் நின்றார்.

“ஐயா, எந்தத் தோட்டத்துல குனியக்கூடாதுன்னு நெனச்சேனோ, அங்கயே வந்து மாட்டிக்கிட்டேன். குனியாட்டி காரு போயிரும்.”

“மிசின் போயிடும்,” என்று திருத்தினார் ராஜரத்தினம். திருத்திவிட்டு, அவருக்கும் மனம் உண்டு, சுற்றுநிருபத்தைத் திறந்தார். “பொறும். ‘இயக்குபவர் இயந்திரத்தை விட்டு அகலாது நிமிர்ந்து நின்று கண்காணித்தல் வேண்டும். வாய்க்கால் வெட்டுதலும் தண்ணீர் கட்டுதலும் உதவியாளரின் கடமையாகும்.’ நீர் குனியத் தேவையில்லை.”

“அப்ப யாருங்க குனியிறது?”

“உதவியாளர்.”

பழனியாண்டி இடாப்பை எடுத்து, பணிவாக, இரண்டு கையாலும் நீட்டினார். ஒவ்வொரு வேலைநாளும் முதலாவது பெயர் ராஜரத்தினம். மண்வெட்டி: உண்டு.

“நான் அதிகாரி அல்லோ.”

“அதுக்கு இடாப்புல கோடு போடலீங்க, ஐயா. பேருக்கு ஒரு கோடு, வெலாசத்துக்கு ஒரு கோடு, மம்பட்டிக்கு ஒரு கோடு. அம்புட்டுத்தான்.”

ராஜரத்தினம் சுற்றுநிருபத்தை முன்னுக்கிருந்தும் பின்னுக்கிருந்தும் வாசித்தார். அதிகாரிக்கென்று கோடு இல்லைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அந்த மிளகாய்த் தோட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேணும். காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து குழாயைக் கிணற்றுக்குள் விட்டிருந்தார்கள். தவராசா வாத்தியார், தபாற் கந்தோர்க்காரர், கோட்டில் வழக்குப் பேசுகிற இரண்டு புரக்கிராசிமார், கோயில் தர்மகர்த்தா, ஒரு நாள் களைப்பில் ஏறி வந்த அந்தப் பொலிஸ்காரர், எல்லோரும் காற்சட்டையை முழங்கால்வரை உருட்டிக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தையோடு வடிவம்மாவும் வந்திருந்தா. தங்கம்மா பின்சீற்றில் வெற்றிலை போட்டபடி மண்வெட்டிகளை எண்ணினா. பழனியாண்டி பொனற்றில் கைவைத்து, சட்டப்படி, நிமிர்ந்து நின்றார்.

“வாத்தியாரையா, அந்த நிரை ஒங்களுக்கு. அத்தியட்சகர் ஐயா, ஒங்களுக்கு இது. நல்லாக் குனிஞ்சு வெட்டுங்க, ஐயா. வரம்பு ஒடையுது.”

“வடிவம்மாவுக்கும் பிள்ளைக்கும் எந்த நிரை?” என்று முத்துலிங்கத்தார் கேட்டார்.

“அவுங்க எனக்குப் பக்கத்துல நிக்கட்டும்,” என்றார் பழனியாண்டி. “கரண்டியால வெட்டினா சாயந்தரம் ஆயிரும்.”

வந்த பெரிய அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. படித்தவர்கள் மண்ணில் இறங்கி வேலை செய்வதை அவர் முதன்முதலாகப் பார்த்தாராம். அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். இத்திட்டம் ஒவ்வொரு போகமும், இதே மிசினைக் கொண்டும் இதே இடாப்பிலுள்ள உதவியாளரைக் கொண்டும், நிரந்தரமாக நடத்தப்படும். பெயரை வெட்டுவதற்கு ஏதும் படிவம் உண்டோ என்று ராஜரத்தினம் சேற்றில் நின்றபடி கேட்டார். பெயரை வெட்ட விரும்பும் ஒருவர் இருப்பாரென்று கொழும்பில் எவரும் நினைக்கவில்லையாம். ஆகையால் படிவம் இல்லை.

நானும் அந்தக் காரில் பதினேழு தரம் ஏறினவன்தான். எனக்கு அழைப்பு வரவில்லை, வரவும் வராது. இடாப்பில் பேர் என்ன என்று பழனியாண்டி கேட்டபோதெல்லாம் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிவிட்டேன். குறை நினையாதேயுங்கோ, அது உங்களுடைய பேர். விலாசமும் சரியாகத்தான் கொடுத்தனான். வாற போகத்துக்கு உங்களுக்கு அழைப்புக் காட் வரும். மண்வெட்டியைத் தீட்டி வைச்சுக்கொண்டு போங்கோ. ஆனால் இந்தக் கதையை ஆர் சொன்னதெண்டு அங்கை கேட்டால் மட்டும் தெரியாதெண்டு சொல்லிவிடுங்கோ. எனக்கு நாரி நோ, குனிய ஏலாது.