பதினோரு மணிக்குள் ஓட வேண்டிய கேமரா

கேமராவுக்கு உயிர் வரவில்லை.

மனோகரன் பொத்தானை மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு அழுத்தமாக அழுத்திப் பார்த்தார். மூன்றாவது தடவை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் எழாத பிள்ளையை எழுப்புவதுபோல முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு முனகல்கூட இல்லை.

"ஓடுதா?" சமையலறையிலிருந்து சுலோசனா கேட்டாள்.

"சூடாகணும். பழைய மெஷின் இல்லையா, கொஞ்ச நேரம் பிடிக்கும்."

"அரை மணி நேரமா சூடாகுது. அதுமேல தோசையே வார்த்திருக்கலாம். கலியமூர்த்தி பதினோரு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கார். ஞாபகம் இருக்கில்ல?"

மறக்கக்கூடிய விஷயமா அது? விடிந்தால் போகி. அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த அந்த மூன்றாவது மாடி வீட்டில் போகிக்கு என்று சுலோசனா ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஓடுகிற சாமான் வீட்டில் இருக்கலாம். ஓடாத சாமான் வானகரம் பழைய இரும்புக் கடை கலியமூர்த்தியின் வண்டியில் ஏற வேண்டும். போன வருடம் மிக்ஸி ஏறியது. அதற்கு முந்தின வருடம், ஒரு பக்கமாக மட்டும் தலையாட்டிய மேசை மின்விசிறி ஏறியது. இந்தச் சட்டம் கணவர்களுக்குப் பொருந்தாது என்று அவள் எங்கும் சொல்லவில்லை. அதனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனோகரன் தினமும் காலையில் ஏரிக்கரையில் தவறாமல் நடந்துகொண்டிருந்தார்.

கேமரா மட்டும் வருடா வருடம் பரீட்சை எழுதித் தப்பித்துவிடும். பரணிலிருந்து இறக்குவார், துடைப்பார், பஞ்சை நனைத்து உள்ளே சுத்தம் செய்வார், ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டிக் காட்டுவார். சுலோசனா ஒரு தலையசைப்போடு பாஸ் போடுவாள். மறுபடியும் பரண்.

மகன் கிஷோர் பிறந்த வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்த கேமரா அது. மனோகரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து எண்ணெய்க் கையோடு வந்து, அந்தக் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொடுவார். சிகரெட் பெட்டி அளவுக் கேசட்டுகள் இருபத்தாறு. வேறு எந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் அவை போகா. கிஷோரின் முதல் நடை, மகள் வர்ஷாவின் காதுகுத்து, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இருவரும் ஒரே ஐஸைப் பிடித்து இழுத்த சண்டை, எல்லாம் அதற்குள்தான்.

இந்த வருடம் கிஷோருக்குக் கனடாவில் லீவு இல்லை. வர்ஷாவுக்குப் புனேயில் லீவு இருந்தது, டிக்கெட் இல்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வரக்கூடிய பிள்ளைகள் என்று மீதம் இருந்தவர்கள் அந்த இருபத்தாறு கேசட்டுக்குள் இருந்தவர்கள்தான். கேமரா வண்டியேறினால் அவர்களும் வர மாட்டார்கள்.

பேட்டரி செத்துப்போயிருக்கும் என்று முடிவு செய்து, அடாப்டரைத் தேடி எடுத்துச் சுவரில் செருகினார்.

'டப்.'

விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. உளுந்து அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"என்னங்க! மாவு பாதியில நிக்குது!"

"கரன்ட் போயிடுச்சும்மா. போகி சமயம், லோடு அதிகம்."

"எதிர் வீட்டுல விளக்கு எரியுதே?"

மனோகரன் ஓடிப்போய் டிரிப்பரைத் தூக்கிவிட்டார். கிரைண்டர் மறுபடி சுழன்றது. அடாப்டரிலிருந்து, அப்பளத்தைத் தீயவிட்டதுபோல ஒரு வாசனை வந்தது.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். கிருஷ்ணப்பிரியா காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்தாள். வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிற பெண். மீட்டிங்கில் இருக்கிறாளே என்று மனோகரன் வாயைத் திறக்காமல் கையாலேயே கேமரா, ஒயர், புகை, கலியமூர்த்தி என்று நால்வரையும் நடித்துக் காட்டினார்.

"மியூட்லதான் அங்கிள் இருக்கேன், பேசுங்க."

"அடாப்டர் வேணும்மா."

அவர் நீட்டியதை அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்தீங்களா? என் மியூசிக் கீபோர்டோடது ஒண்ணு இருக்கு, வோல்டேஜ் மாத்திக்கலாம். ஆனா எதுக்கு இந்தக் கஷ்டம்? கேசட்டைக் கடையில குடுத்தா பென் டிரைவ்ல போட்டுத் தருவாங்களே?"

"போட்டுக் குடுத்துட்டா, அப்புறம் கேமரா எதுக்குன்னு உங்க ஆன்ட்டி கேட்டுடுவாங்களேம்மா!"

கிருஷ்ணப்பிரியா உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தாள். அடாப்டரைக் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. மனோகரனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேசட்டைப் போட்டார். கேமரா 'க்ர்ர்' என்றது, கேசட்டை வாங்கிக்கொண்டது, ஒரு முழம் நாடாவை மென்றது, கதவைப் பாதி திறந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டது. கேசட்டின் மேல் அவருடைய கையெழுத்தில் 'வர்ஷா காதுகுத்து' என்று இருந்தது.

மணி ஒன்பதே முக்கால். அழுவதற்கு நேரமில்லை. திருவேங்கடத்துக்குப் போன் செய்தார்.

திருவேங்கடம் ஏரிக்கரை நடையில் கிடைத்த சிநேகிதர். அந்த அடுக்குமாடி நிற்கிற இடத்தில் அவருடைய அப்பா நெல் போட்டிருந்தார். அதனால் மாடிப்படி ஏறும்போதெல்லாம், "இங்கதான் எங்க களம் இருந்துச்சு" என்று யாரிடமாவது சொல்லாமல் ஏற மாட்டார். அன்றும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"இன்னா மனோகரு, இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீறே? அஞ்சு எச்.பி. பம்புசெட்டைத் தனியாளா கழட்டி மாட்னவன் நானு. இது இன்னா, உள்ளங்கை அளவு கீது!"

"மெதுவா, திருவேங்கடம். உள்ள எல்லாம் நுணுக்கமா இருக்கும்."

"நீ சும்மா ஸ்குரூவ புட்சிகினு நில்லு நைனா."

சாப்பாட்டு மேசைமேல் துண்டை விரித்து அறுவைச் சிகிச்சை தொடங்கியது. ஒன்று, இரண்டு, ஆறு திருகாணிகள். மூடி திறந்தது. நாடா சேதமில்லாமல் வெளியே வந்தது. மனோகரன் விரல் நுனியால் அதைக் கேசட்டுக்குள் சுற்றிவிட்டார். "பாத்தியா?" என்று சொல்லித் திருவேங்கடம் ஸ்குரூ டிரைவரின் முனையால் ஏதோ ஒன்றைச் செல்லமாகத் தட்டினார்.

'டிங்.'

ஒரு குட்டி ஸ்பிரிங் மேலே எழும்பியது. சன்னல் வெயிலில் ஒரு கணம் மின்னியது. அழகாக வளைந்து, சமையலறை வாசலைத் தாண்டி, சுழன்றுகொண்டிருந்த கிரைண்டருக்குள் இறங்கியது.

சுலோசனா பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மனோகரன் ஒரே தாவலில் கிரைண்டரை நிறுத்திவிட்டு உளுந்து மாவுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று.

"என்ன பண்றீங்க?"

"உப்பு... உப்பு சரியா இருக்கான்னு பார்க்கிறேன்."

"முழங்கையாலயா? நான் இன்னும் உப்பே போடலையே."

திருவேங்கடம் குறுக்கே வந்தார். "இல்ல தங்கச்சி, பதம் பாக்குறாரு. எங்கூட்ல சாமுண்டீஸ்வரி மாவு ஆட்னா நான்தான் பதம் பாப்பேன். வடைன்னா பதம் முக்கியம் பாரு."

சுலோசனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவ்வளவு தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் சேர்ந்து மாவை அள்ளிக் குண்டான்ல வெச்சிடுங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

ஆண்கள் இருவரும் ஒன்றரைப் படி உளுந்து மாவை ஒவ்வொரு பிடியாக அள்ளி, விரலிடுக்கில் பிசைந்து தடவிப் பார்த்து, குண்டானில் போட்டார்கள். மணி பத்தே கால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று. கடைசிக்கு முந்தின பிடியில் மனோகரனின் கட்டைவிரலை ஏதோ குத்தியது. அந்த வயதில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எதற்கும் 'ஆ' என்று கத்தியதில்லை.

ஸ்பிரிங்கைக் கழுவி, துடைத்து, இடம் பார்த்து மாட்டும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. உள்ளே ஒரு ரப்பர் பெல்ட், வெல்லப்பாகுபோல இளகி ஒட்டிக் கிடந்தது. உண்மையான நோய் அதுதான். காலையிலிருந்து செய்ததெல்லாம் வீண்.

"இன்னா மனோகரு, குந்திட்டே?"

"விடு திருவேங்கடம். அவ சொல்றது சரிதான். ஓடாத சாமான் எதுக்கு?"

திருவேங்கடத்துக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. மனிதர் வீட்டையே ஒரு சுற்று சுற்றினார். அலமாரியில் மிக்ஸர் பொட்டலத்தைக் கட்டியிருந்த மெல்லிய ரப்பர் பேண்டை உருவினார். பாகை வழித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை மாட்டினார். மூடியை வைத்து முடுக்கியபோது மேசையில் ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா குடுத்துருப்பான். போடு கேசட்ட."

மனோகரன் கேசட்டைப் போட்டார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஒரு சுழற்சி, ஒரு தயக்கம், மறுபடி சுழற்சி. ஓடியது!

ஒயரை எடுத்துக்கொண்டு டி.வி.க்குப் பின்னால் ஓடினார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனைகள் அவர் கையில் இருந்தன. தீபாவளிக்குக் கிஷோர் அனுப்பிய புது டி.வி.யின் முதுகில், அந்த மூன்றுக்கும் ஒரு ஓட்டைகூட இல்லை.

மணி பத்து ஐம்பது.

"ஓடுதா?" சுலோசனா கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"ஓடுது. ஆனா டி.வி.யில வராது. கேமராவுல இருக்கிற இந்த ஓட்டை வழியாத்தான் பார்க்கணும். ஒருத்தர்தான் பார்க்க முடியும். சத்தமும் இந்த இயர்போன்லதான்."

"ஓடுதுன்னு நீங்க சொன்னா ஆச்சா? நான் பார்க்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்து, இயர்போனைக் காதுகளில் செருகி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் வைத்தாள். மனோகரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு புருவம் உயர்ந்தது.

"ஐயோ, வர்ஷா எப்படிக் கத்தறா பாருங்க!" காதில் இயர்போன் இருந்ததால் அவளே தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "அந்த ஆசாரி என்ன பயப்படறார்! குத்திக்கறவளைவிட குத்தறவர்தான் அழுதுடுவார் போல!"

"நல்லாத் தெரியுதா?" என்று மனோகரன் கேட்டார். அவளுக்குக் கேட்கவில்லை.

"இங்க பாருங்க, எல்லாரும் அவளைப் பார்க்கும்போது கிஷோர் தட்டுல இருந்து லட்டு எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கறான்! இத்தனை வருஷமா இதை நான் கவனிக்கவே இல்லையே! டேய், டவுசர் எண்ணெயாகுதுடா!"

கனடாவில் பனிக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்த முப்பது வயதுக்காரனை அயனம்பாக்கத்திலிருந்து அதட்டினாள். அவளுடைய மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் மின்னியது. அத்தனை வருடங்களாக அந்த முகத்தைத் தான்தான் கேமரா வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்து வந்திருக்கிறோம் என்று மனோகரனுக்குத் தோன்றியது. அவள் ஒற்றைக் கண்ணால் பார்ப்பதைத் தான் இரண்டு கண்ணாலும் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. நகர மனமில்லை.

"தேறிடுச்சு," என்று திருவேங்கடம் அவர் காதில் கிசுகிசுத்தார். "பாஸு."

அப்போது அழைப்பு மணி அடித்தது.

மனோகரன் கதவைத் திறந்து, வாசலை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டு நின்றார். முழங்கையில் உளுந்து மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. எதிரே கலியமூர்த்தி, தோளில் சாக்கு, மூன்று மாடி ஏறிய மூச்சு.

"ஓடுது!" என்றார் மனோகரன். "கேமரா ஓடுது! பெல்ட் மாத்தியாச்சு, ஸ்பிரிங் மாத்தியாச்சு, ஜம்முனு ஓடுது. இந்த வருஷமும் கிடையாது. நீங்க போயிட்டு வாங்க."

கலியமூர்த்தி எட்டி உள்ளே பார்த்தார். சுலோசனா கேமராவில் கண்ணை வைத்தபடி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மணிச் சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

கலியமூர்த்தியின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஓடுதுல்ல, அது போதும், நான் அத்த தூக்கினு போவ வந்தவன்னா நெனச்சுகினு கீறே அண்ணாத்தே? 'சும்மா கேட்டா நாளைக்கு நாளைக்குன்னே அடுத்த வருசம் வரிக்கும் இழுத்துடுவாரு, நீ வர்றேன்னு சொன்னாதான் அந்த மனுசன் பரண்லேர்ந்து எறக்கி சரி பண்ணுவாரு, நானும் என் புள்ளைங்கள ஒரு தபா பாத்துக்குவேன்'னு, போகிக்குப் போகி எனக்குப் போன் போட்டு வரச் சொல்றதே அக்காதானே!"