பின் சீட்டில் வெள்ளைச் சேலை

பொய் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். சொன்ன பொய்யைச் சொன்னவனே நம்பிவிடக் கூடாது. அந்தத் தகுதி எனக்கு இல்லை என்பது, என் இருபத்தெட்டாவது வயதில், வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, சாயங்காலத் தூறலில், ஒரு சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு போனபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. மனைவி கனகம் ஐந்து மாதக் கர்ப்பம். "நாலு கதவு இருக்கணும், மேல கெட்டியா கூரை இருக்கணும், கறுப்பா இருந்தாலும் பரவால்ல" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அப்படி ஒரு வண்டி தரகர் காதர் அண்ணனின் கொட்டகையில் நின்றிருந்தது. பார்க்கும்போதே கொட்டாவி வந்தது. அதற்குப் பக்கத்தில் இது நின்றது. நீண்ட மூக்கு, இடுப்பளவு உயரம், மூக்கின்மேல் தோல் வார், இரண்டே சீட்டு. பின்பக்கத் தகர மூடியைத் தூக்கினால், திறந்த வெளியில், இன்னொரு சின்ன சீட்டு.

"தம்பி, ஒங்களுக்குக் கறுப்புதான் சரி" என்றார் காதர் அண்ணன். "சிவப்ப விட்டுடுங்க. அதுக்கெல்லாம் கையில தெம்பு வேணும்லா."

தெம்பு வேணுமாம்! அரை மணி நேரத்தில் சிவப்புக் காரோடு வீட்டு வாசலில் நின்றேன். (காதர் அண்ணன் அந்த வசனத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று யோசிக்கும் அறிவு அப்போது கிடையாது.)

கனகம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "நான் எங்க உக்கார்றது?"

"என் பக்கத்துல."

"பிள்ள பொறந்தா?"

"உன் மடியில."

"எங்கம்மா வந்தா?"

நான் பெருமையோடு பின்பக்கம் போய்த் தகர மூடியைத் தூக்கிக் காட்டினேன்.

"எங்கம்மாவப் பொட்டியில வச்சா கொண்டு போவீங்க?" என்றவள் உள்ளே போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பில்லை.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவரை இழந்தவர், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே தனி வீட்டில் இருந்தார். எங்கள் வழக்கப்படி மாமியார் மருமகன் முன்னால் நிற்க மாட்டார், பேச மாட்டார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் கதவிடுக்கில் மறையும் ஒரு வெள்ளை முந்தானையைத்தான். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கனகத்திடம் சொல்வார், கனகம் என்னிடம் சொல்வாள். கனகம் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் சுவருக்குப் பதில் சொல்வேன்.

சிவப்புக் காரை ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் ராஜா. திங்கள் முதல் சனி வரை ஓட்டினால் கழுதை. ஏறுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெயிலில் சீட்டு தோசைக்கல். மழை வந்தால் கித்தான் கூரையை இழுத்து மாட்ட இரண்டு ஆள் வேண்டும். மாட்டி முடிக்கும்போது மழை நின்றிருக்கும். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அந்தப் பின் சீட்டு. பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா பசாருக்குப் போக ஏறிக்கொள்வார். திரும்பும்போது மீன் கூடையும் ஏறும். ஆபீஸ் பெரிய கிராணி கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், தினமும் ஏறிக்கொண்டு, "தம்பி, மெல்லப் போம், என்ரை தொப்பி பறக்குது" என்பார். சந்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மீன் நாற்றம் பொறுக்காத ஒரு காலையில் வாயைத் திறந்தேன். "அக்கா, சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். இந்த வண்டி ஏன் மலிவா கெடைச்சிச்சு தெரியுமா? பின் சீட்டுல ஒரு பொம்பள இருக்கா. வெள்ளச் சேல. பேச மாட்டா. தகரத்தத் தட்டுவா, அவ்வளவுதான்."

அக்கா மீன் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தே பசாருக்குப் போனார். ஒரே வாரத்தில் பின் சீட்டு காலி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கந்தையா அண்ணன் என் மேசைக்கு வந்து குனிந்தார். முகம் வெளுத்திருந்தது. "தம்பி, என்ரை மச்சான் நேற்று மத்தியானம் உம்மடை காரைக் கண்டவனாம். பின் சீற்றிலை அவள் இருந்தவளாம்." அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "மடியிலை ஒரு பிள்ளையும் இருந்ததாம்."

பிள்ளையை நான் சொல்லவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மூடி சாத்தியிருந்தது. சாத்தித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்தேன்.

கனகம் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். மகள் பிறந்தாள். தொட்டில் போட்ட அன்று, வழக்கப்படி, அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி முதலில் தொட்டிலில் கிடத்தி ஆட்டினார்கள். தொட்டில் தாங்குமென்று தெரிந்தபிறகுதான் பிள்ளையைப் போட்டார்கள். "கல்லு மூக்கும் முழியுமா இருக்கே, உங்கம்மா ஜாட" என்று நான் சிரித்தேன். கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மூன்று மாதம் கழித்து மனைவியையும் மகளையும் அழைத்துவரப் போனேன். கனகம் வாசலிலேயே நின்றாள். "வர மாட்டேன். அந்த வண்டியில என் பிள்ள ஏறாது. அது இருக்கற வீட்டுக்கும் வராது."

"அடியே, அது நான் கட்டிவிட்ட கத! மீன் நாத்தம் தாங்காம சொன்னது."

"மடியில பிள்ளைய வச்சிருக்காளாமே, அதுவும் நீங்க கட்டினதா?"

"இல்ல. அது மட்டும் நான் சொல்லல."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. கனகத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. "மூணு மாசப் பிள்ளைங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றாள். நான் இல்லாத வீட்டில் என் மகள் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். காரணம் என் வாய்.

"இருங்க, அம்மாட்ட கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனாள். போனவள் வரவில்லை. பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது. கால் மணி, அரை மணி. ஒரு காப்பித் தண்ணிகூட வரவில்லை. வெளியே தூற ஆரம்பித்தது. மலையிலிருந்து மேகம் இறங்கி மரங்களை மூடியது. மருமகன் என்றால் இவ்வளவு இளப்பமா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கித்தான் கூரை ஏற்கெனவே மாட்டியிருந்தது. விறுவிறுவென்று போய் ஏறினேன். பின்னால் பார்க்கவில்லை. கோபக்காரன் எதற்குப் பின்னால் பார்க்கப் போகிறான்?

இறக்கத்தில் வண்டி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. மனக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெஸ்டர்ன் ரோட்டில் மரங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து வானத்தை மூடியிருந்தன. சாலையில் ஈ காக்கை இல்லை. கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மழையில் நனைந்து வெள்ளையாகத் தெரிந்தன. அப்போதுதான் கேட்டது.

டொக். டொக். டொக்.

தகரத்தின்மேல், நிதானமாக, மூன்று.

எஞ்சினாக இருக்கும் என்றேன், சத்தமாக. என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. மறுபடி மூன்று. இப்போது கொஞ்சம் பலமாக. கித்தான் கூரையில், பின்னால் பார்க்க, உள்ளங்கை அளவு மைக்கா ஜன்னல் உண்டு, பழுத்து மஞ்சளாகிப்போனது. கழுத்தை மட்டும் திருப்பினேன். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. அதன் நடுவில் கறுப்பாக முடி.

காலை அழுத்தினேன். அந்தக் காருக்கு வேகம் மட்டும்தான் தெரியும், பறந்தது. வேகம் கூடக்கூடத் தட்டலும் கூடியது. டொக் டொக் டொக் டொக்! முக்குச் சந்தியில் கை காட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நீட்டிய கை தானாக இறங்கியது. ஓரமாகக் குச்சியில் சத்தே இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் "ஹந்து! ஹந்து!" என்று கத்திக்கொண்டு அடுப்பை விட்டு ஓடினார். (பேய் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்லத் தேவையிருக்கவில்லை.) ஆக, எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் தெரிகிறது! முருகா, இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், பிள்ளை முகத்தை ஒரு தரம் பார்க்க விடு என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன்.

டத்தோ கிராமாட் ரோட்டை ஒட்டிய எங்கள் சந்துக்குள் காரை எப்படித் திருப்பினேன் என்று ஞாபகமில்லை. எஞ்சினை நிறுத்தாமலே குதித்து ஓடி, மீனாட்சி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டேன். "அக்கா! வந்துட்டா அக்கா! பின்னால இருக்கா!"

சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. அக்காவின் கணவர் விளக்குமாற்றோடு வந்தார். பின் சீட்டில், மூடி திறந்திருக்க, வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் அவள். அவிழ்ந்த முடி தோளெல்லாம் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் ஈர முந்தானையை இழுத்து முகத்தை மூடி, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில், துணியில் சுற்றி, பிள்ளை.

கந்தையா அண்ணனின் மச்சான் சொன்ன அதே பிள்ளை!

மீனாட்சி அக்கா தைரியசாலி. திருநீற்றை அள்ளிக்கொண்டு இரண்டடி முன்னால் போனார். "யாருடி நீ? என்ன வேணும் ஒனக்கு? சொல்லிட்டுப் போயிரு!"

அந்த உருவம் எழப் பார்த்தது. மடியிலிருந்த பிள்ளை நழுவிற்று. தகரத்தில் பட்டு, சாலையில் விழுந்து, தொம்மென்று ஒரு சத்தம். பிள்ளை அழவில்லை. அக்காவின் கணவர் விளக்குமாற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

முந்தானைக்குள்ளிருந்து, நடுங்கிய மெல்லிய குரல் ஒன்று, மீனாட்சி அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, மாப்பிள்ளையக் கொஞ்சம் உள்ள போகச் சொல்லுங்க. நான் எறங்கணும்."

நடந்தது இதுதான். கனகம் போய்க் கேட்டதும் என் மாமியார், "பேய் இருக்கா இல்லையான்னு நான் உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன், கோயில் வாசல் வரைக்கும் ஒரு சுத்து ஓட்டச் சொல்லு" என்றிருக்கிறார். தொட்டிலுக்குச் செய்ததையே காருக்கும் செய்வோம் என்று அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என் கண்ணில் படாமல் வீட்டின் பக்கக் கதவால் போய்ப் பின் சீட்டில் ஏறியிருக்கிறார். அதை என்னிடம் சொல்ல வந்த கனகத்தைப் பிள்ளையின் அழுகை பிடித்துக்கொண்டது. அதற்குள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயில் பக்கம் போகாமல் வண்டி கீழே பாய்ந்ததும் மாமியார் என்ன செய்வார்? "மாப்பிள்ள, நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். உயிரே போனாலும் கூப்பிட மாட்டார். குழவிக்கல்லால் தட்டினார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயமா, வெட்கமா, தெரியாது. வெளியே சந்து சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் கனகம் ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தாள், கையில் பிள்ளையோடு. அம்மாவைத் தேடி வந்தவள். கதவுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு கனகம் வந்து என் எதிரில் நின்றாள்.

"வண்டியில பேய் இல்லையாம். அம்மா சொல்றாங்க."

"அப்பாடா."

"ஓட்டறவருக்குத்தான் ஏதோ பிடிச்சிருக்காம். அதனால பிள்ள ஏறணும்னா பின் சீட்டுல அம்மாவும் ஏறுவாங்களாம். கல்லோட."

பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அது என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த நிமிஷத்தில் அவர்கள் பின் சீட்டில் அம்மியையும் சேர்த்து ஏற்றியிருந்தாலும் நான் சரி என்றிருப்பேன்.

நாலு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் "மாப்பிள்ளைக்குப் புத்தி கெட்டுவிட்டது." பின் தகரம் முழுக்கச் சொட்டை. காவடியும் எடுத்தேன், மாமியார் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாராம். சாகும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து, அவரளவுக்கு என்னோடு பேசியவர்களும் இல்லை.

அவர் போன பிறகு சிவப்புக் காரை விற்றுவிட்டேன். இப்போது கறுப்பு, நாலு கதவு, கெட்டிக் கூரை. குழவிக்கல் அடுக்களையில் இருக்கிறது. மகளுக்கே கல்யாணமாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், மகள், மருமகன், கனகம் என்று எல்லாரும் விரலை மடக்கி மேசையைத் தட்டுகிறார்கள். டொக், டொக், டொக்.

போன வாரம் அவர்களிடம் ஒன்று சொன்னேன். வெஸ்டர்ன் ரோட்டில், அந்தக் கல்லறைத் தோட்டத்து வளைவில், தூறலும் மேகமுமாக இருக்கும்போது கொஞ்சம் காலை அழுத்தினால், பின்னாலிருந்து ஒரே ஒரு தட்டு கேட்கிறது என்றேன். முருகன் மேல் சத்தியமாக உண்மை. எல்லாரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆனால் அந்த வளைவில் இப்போதெல்லாம் நான் மெதுவாகத்தான் போகிறேன்.