முதலில் ஓகே அமுக்குகிறவர்

மனிதர்களில் கம்ப்யூட்டர் வைத்தியர் என்றோர் இனம் உண்டு. தெற்குக் கேரளத்தில் எங்கள் திருப்புறத்திலும் உண்டு, பூவாரிலும் உண்டு. எந்த வீட்டில் கம்ப்யூட்டர் முனகினாலும் கூப்பிடாமலேயே வந்துவிடுவார்; சட்டைப் பையில் பென் டிரைவ், உதட்டில் "சாரமில்ல, ஒண்ணுமில்ல". திரையில் வரும் செய்தியை வாசிப்பாரா? வாசிப்பது நோயாளிகளின் வேலை. வந்த வேகத்தில் ஓகே அமுக்கி அதை வழியனுப்பிவைப்பார்.

எங்கள் கிறிஸ்தவ சபையின் வைத்தியர் விஜயதாஸ் அண்ணன்.

போன மாதம் சபையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீடு தமிழ், பெண் வீடு மலையாளம். பேச இரண்டு வீட்டுக்கும் இரண்டும் வரும். பாட்டுப் புத்தகத்தை அடுத்தவர் எழுத்தில் வாசிக்கத்தான் வராது. பெண் வீட்டார் வாய்மூடி நிற்கக்கூடாதென்று, மாப்பிள்ளையின் தங்கை ஜெஸ்னா, பாட்டை இரண்டு எழுத்திலும் திரையில் காட்டும் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி, எட்டு மணிக்கே சபைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓட்டியும் பார்த்திருந்தாள். பத்து மணிக்குப் பெண் வரவேண்டும். ஒன்பதே முக்காலுக்குப் புரோகிராம் திறக்கவில்லை. ஏதோ செய்தி வந்தது. அவள் குனிவதற்குள் விஜயதாஸ் அண்ணன் ஓகே அமுக்கிவிட்டார்.

"என்ன எழுதியிருந்துது அண்ணா?"

"சும்மா ஒரு எரர் மக்கா. பேடிக்காதே."

அணைத்து ஏற்றினார், வைரஸ் தேடினார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், கோட்டுகால் ஊரிலுள்ள மச்சினனின் கம்ப்யூட்டரிலிருந்து என்றோ எடுத்துவைத்த, எதற்கென்று அவருக்கே தெரியாத நாற்பது ஃபைல்களைப் பென் டிரைவிலிருந்து உள்ளே கொட்டினார். மறுபடி செய்தி. ஓகே. மறுபடி. ஓகே. வாசலில் பெண்ணின் கார் வந்து நின்றது.

ஜெஸ்னா மௌஸைப் பறித்தாள். "கைய எடுங்கோ அண்ணா, நான் ஒருக்கா வாசிக்கட்டு."

புரோகிராமுக்குத் துணையாக இருக்கவேண்டிய ஃபைல் ஒன்றைக் காணவில்லை என்று, அதன் பெயரோடு, பொறுமையாக எழுதியிருந்தது. தேடினாள். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில் கிடந்தது, உறவினர் நாலு பேரோடு. வீசப்பட்ட நேரம் காலை எட்டரை.

"இத யாரு கொண்டு போட்டது?"

"நானாக்கும். ஒனக்க புரோகிராம் பக்கத்துல ஒரே குப்ப. கல்யாண நாளாச்சே, கொஞ்சம் தூத்துவாரி வெடிப்பாக்கினேன்."

ஐந்தையும் பழைய இடத்தில் வைத்தாள். பெண் படியேறும்போது திரையில் இரண்டு எழுத்தும் வந்தன. இரண்டு வீட்டாரும் சேர்ந்து, வெவ்வேறு சுருதியில், பாடினார்கள்.

பிரியாணிப் பந்தியில் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்: "கோட்டுகால் ஃபைலப் போட்ட பெறவாக்கும் அது ஓடினது."

சிரிக்கிறீர்களா? நல்லது. நேற்று உங்கள் போன் ஏதோ கேட்டது, நீங்களும் சம்மதம் என்று அமுக்கினீர்கள். என்ன கேட்டது? எதற்கும் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். பென் டிரைவ் இருக்கப்போகிறது.